மணி பத்து, ரோடு சரி, டிரங்க் இல்லை

போன புதன்கிழமை காலை, போடியில் என் வீட்டு மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து மயிலாத்தாள் அக்காவின் மருமகள் சுமதி. "சித்தி, அத்தை போயிட்டாங்க" என்றாள். "காலையில எந்திரிச்சு காப்பி குடிச்சாங்க. டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சாஞ்சு உட்கார்ந்தாங்க. அவ்வளவுதானுங்க." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்த எலக்ட்ரீசியன் ஒரே வரிசையில் எட்டு சுவிட்சு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எது ஃபேன், எது வாசல் விளக்கு என்று யாருக்கும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை அக்கா அவனைத் திரும்ப வரவழைத்து, "நீ போயிருவே, நாங்கதான இங்க குடியிருக்கோணும்" என்று சொல்லி, எட்டையும் கழற்றி வரிசை மாற்ற வைத்திருக்கிறார். "செவ்வாக்கிழமை பூரா, ஒரு தப்புக்கூட இல்லாம போட்டு போட்டு அணைச்சுப் பார்த்துட்டே இருந்தாங்க சித்தி" என்றாள் சுமதி.

எழுபத்தெட்டு வயதில் ஒருவர் தன் கடைசி முழு நாளை இப்படிச் சந்தோஷமாகக் கழித்தார் என்று கேட்டபோது, எனக்கு முதலில் வந்தது கண்ணீரா சிரிப்பா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. எஸ்டேட் நாள்களிலிருந்து அவரை அறிந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நம்மில் பலர் மலையை விட்டு இறங்கி எங்கெங்கோ இருக்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில், சூரியநெல்லிக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முப்பது டெலிபோன்கள் இருந்தன. பங்களாக்களில், பாக்டரியில், ஆஸ்பத்திரியில், ஆள் பேர் பதியும் ஒவ்வொரு டிவிஷன் மஸ்டர் ஆபீசிலும் ஒன்று. எல்லா வயரும் பெரிய ஆபீசுக்குப் பக்கத்துச் சின்ன அறையிலிருந்த ஒரு மரப்பலகையில் வந்து முடியும். அதுதான் எங்கள் எக்ஸ்சேஞ்ச். அந்தப் பக்கம் யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால், பலகையில் அவருடைய எண்ணுக்கு மேலிருக்கும் தகர மூடி 'டக்' என்று விழும். நாங்கள் ஒரு பிளக்கை அந்த எண்ணின் ஓட்டையில் குத்தி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்போம். அவர் கேட்கும் எண்ணில் இன்னொரு பிளக்கைக் குத்தினால் இருவரும் பேசிக்கொள்வார்கள். சொல்வதற்கு எளிது. காலையில் கொழுந்து எடை போடும் நேரத்தில் ஒரே சமயத்தில் ஆறு மூடி விழும்போதுதான் தெரியும்.

அக்காவையும் என்னையும் ஒரே மாதத்தில் அந்த வேலைக்கு எடுத்தார்கள். நான் செல்லக்கனி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். என் அப்பா கங்காணி. அக்கா பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பத்துப் பெண். கணவர் பழனிச்சாமி அண்ணனுக்குப் பாக்டரியில் மெக்கானிக் வேலை கிடைத்ததால் மலைக்கு வந்தவர். காலை ஆறு முதல் இரண்டு வரை அவருக்கு. இரண்டுக்குப் பிறகு எனக்கு. ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மீதி நேரமெல்லாம் அந்தப் பலகை வழியாகத்தான் எங்கள் உறவு.

உறவு என்பதைவிடச் சண்டை என்று சொல்வது பொருத்தம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் நான் உள்ளே நுழைந்தால், பலகை முழுக்கப் பொட்டு. ஆஸ்பத்திரி, லாரி ஷெட் மூடிகளுக்குச் சிவப்புச் சாந்து. பங்களாக்களுக்கு மஞ்சள். ஆபீஸ்களுக்குச் சுண்ணாம்பு வெள்ளை.

"என்னக்கா இது, போர்டுக்குச் சடங்கா சுத்தியிருக்கீய?" என்றேன்.

"கண்ணுக்கு முன்னால தெரியோணுமல்ல கண்ணு. செவப்பு விழுந்தா மத்ததெல்லாம் நிக்கோணும். மூணே நெறம்தான். அதுக்கு மேல வெச்சா அது கோலமாயிரும்" என்றார், தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பலகையின் எண்கள் இணைப்புக் கொடுத்த வருஷ வரிசையில் போட்டவை. மேனேஜர் பங்களா பதினான்கு. அடுத்தது, பதினைந்து, மாட்டுக் கொட்டகை. ஆஸ்பத்திரி இருபத்தெட்டு, மேல் மூலையில், எழுந்து நின்றால்தான் கைக்கு எட்டும். ஆனால் அன்று எனக்கு நியாயம் கண்ணில் படவில்லை. என்னைக் கேட்காமல் என் பலகையில் கை வைத்துவிட்டாரே என்றுதான் பட்டது. அவர் தலை மறைந்ததும் ஈரத்துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு வந்தால் பொட்டு திரும்ப இருந்தது. நான் துடைத்தேன். அதற்கு மறுநாளும். லைன்மேன் குட்டப்பன் சேட்டன் ஒருவர்தான் இரண்டு ஷிப்டிலும் அறைக்கு வந்துபோகிறவர். அவர் வாசலில் நின்று சிரித்தார். "ராவிலெ போர்டுக்குப் பொட்டு. உச்ச கழிஞ்ஞா போர்டுக்குக் குளி. கொள்ளாம்!" காலையில் பொட்டு, மத்தியானத்துக்கு மேல் குளியல், நல்லாயிருக்கு என்று அர்த்தம்.

இந்தச் சண்டைக்கு முடிவு கட்டியது ஒரு பசு.

ஒரு மாலை மாட்டுக் கொட்டகையில் பசு ஒன்று கன்று போட முடியாமல் தவித்தது. கொட்டகையைப் பார்த்துக்கொண்ட சுடலை அண்ணன் எங்கேயோ போயிருந்தவர், விஷயம் கேள்விப்பட்டு, கீழ் டிவிஷன் மஸ்டர் ஆபீசிலிருந்து தன் ஆட்களுக்கு வழி சொல்லக் கூப்பிட்டார். "பதினஞ்சு குடு தாயி" என்றார். அதே நேரம் இன்னும் மூன்று மூடிகள் விழுந்தன. நான் பதினான்கில் குத்திவிட்டேன். மேனேஜர் பங்களாவில் அவர் மனைவி துரைசாணி அம்மா போனை எடுத்திருக்கிறார். சுடலை அண்ணன் "ஹலோ"வுக்குக்கூட இடம் கொடுக்காமல், "ரெண்டு காலும் வெளிய வந்துருச்சா? அப்பக் கையில எண்ணெயத் தடவிட்டு உள்ள விட்டு இழுங்கடா!" என்று அலறியிருக்கிறார். அந்த அம்மா போனைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவிட்டாராம்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. எனக்குத்தான் மறுநாள் காலை மெமோ வந்தது. ஆபீசில் எல்லோரும் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். அக்கா என்ன சொல்வார் என்று பயந்துகொண்டேதான் இரண்டு மணிக்குப் போனேன். 'பதினான்குக்கு மஞ்சள் வைத்திருந்தேனே, துடைத்தாயே' என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவர் கேட்டது வேறு. "கனி, நீ எந்தக் கையில குத்தறே?"

"இடது கைதான்க்கா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் அடிச்சும் மாறல."

அக்கா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பலகையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவசர லைன்களுக்கான பிளக்குகளை அவர் வலது ஓரத்துக்கு மாற்றி வைத்திருந்தார். தன் கைக்கு வசதியாக. நான் ஒவ்வொரு முறையும் உடம்பைக் குறுக்கே வளைத்துத்தான் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கே அதுவரை அது உறைக்கவில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது.

"அடச் சாமி. எனக்குச் சட்டை தெச்சு உனக்குப் போட்டு விட்டிருக்கறேன் பாரு. நீ அழிச்சது சரிதான்" என்றார்.

வேலை செய்யும் இடத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர், அதுவும் சரியாகச் செய்த ஒருவர், இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நானும் துடைத்தது வீம்புக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன். "அதுவுந் தெரியும்" என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போன் குறைவாக இருக்கும் பகல் நேரத்தில், நாங்கள் இருவரும் குட்டப்பன் சேட்டனும் சேர்ந்து அந்தப் பலகையைப் பிரித்துப் போட்டோம். பின்பக்கத்து வயர்களைச் சேட்டன் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார். ஆஸ்பத்திரி, லாரி ஷெட், எடைக் கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவை இரண்டு பேர் கைக்கும் எட்டுகிற நடுவில். பங்களாக்கள் ஒரு மூலையில், மாட்டுக் கொட்டகை எதிர் மூலையில். "எத்தற தூரம் வேணும்?" என்று சேட்டன் கேட்டார். "துரைசாணி அம்மாவுக்கு மாட்டுச் சத்தம் கேக்காத தூரம்" என்றார் அக்கா.

எண்களையும் அக்கா தூக்கிப் போட்டார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பதினேழு, இருபத்தெட்டு என்றெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும்? மேட்டு ஆபீஸ், பள்ளத்து ஆபீஸ், லாரி, மாடு, இலை என்று ஒற்றைச் சொல்லாக வைத்தார். 'இலை' என்றால் பாக்டரி. ஆஸ்பத்திரிக்கு 'ஊசி'. இது டாக்டர் காதுக்குப் போய், அவர் நேரிலேயே வந்துவிட்டார். கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். "ஞான் அஞ்சு வருஷம் படிச்சது ஊசின்னு பேரு வாங்கறதுக்கா?" என்று வருத்தப்பட்டார். "ஊசின்னு சொன்னாத்தானுங்க அவங்களுக்குப் பயம் வருது. பயம் இருந்தா சும்மாச் சும்மா கூப்பிட மாட்டாங்க" என்று அக்கா விளக்கினார். டாக்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று போய்விட்டார்.

அக்கா ஒரு சிலேட்டை ஆணியில் மாட்டினார். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று கடைசிப் பத்து அழைப்புகள் அதில் இருக்கும். பதினொன்றாவது வந்தால் முதலாவதை அழிக்க வேண்டும். 'இப்போ என்னைக் கூப்பிட்டது யாரு, லைன் கட் ஆயிருச்சு' என்று கேட்பவருக்குச் சட்டென்று சொல்லலாம். ஷிப்ட் மாறி வரும் எனக்கும், மலையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பத்து வரியிலேயே தெரிந்துவிடும்.

உங்களில் பெரும்பாலோருக்கு அக்காவை ஞாபகப்படுத்துவது அவர் போனை எடுக்கும் விதமாகத்தான் இருக்கும். அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு வரும் அழைப்புகளில் பாதி யாரிடமும் பேசுவதற்கு அல்ல, எங்களிடம் கேட்பதற்கு. மணி என்ன? போடி ரோடு திறந்திருக்கிறதா, மரம் விழுந்து கிடக்கிறதா? வெளியூர் பேச டிரங்க் லைன் வேலை செய்கிறதா? அக்கா ஒரு வாரம் இந்தக் கேள்விகளைக் கவனித்தார். பிறகு "நம்பர் ப்ளீஸ்" என்பதை விட்டுவிட்டார். மூடி விழுந்ததும் எடுத்து, ஒரே மூச்சில், "எக்ஸ்சேஞ்ச், மணி பத்து, ரோடு சரி, டிரங்க் இல்லை, சொல்லுங்க!" என்பார். பாதிப் பேர் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அத்தோடு அந்த ஓட்டை காலி.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். என் குரலில் ராகம் வராது. அவர் குரலில் அது பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல் அழகாக விழும். மலை முழுக்க அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள்.

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. தலைமை ஆபீசிலிருந்து பெரியவர்கள் வரும்போது இது என்ன ரேடியோவா என்று கேட்க மாட்டார்களா? இனி 'நம்பர் ப்ளீஸ்' மட்டும்தான் சொல்ல வேண்டும், மீறினால் வேலையில் இருக்க முடியாது என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. அந்தச் சம்பளம் இல்லாமல் முடியாது. நான் பயந்துவிட்டேன். அவரும் பயந்துதான் இருந்தார். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"சரிங்க சார். அப்படியே சொல்றனுங்க" என்றார். "ஒரே ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. சித்த நேரம் நீங்க வந்து காதுல மாட்டிக் கேட்டுப் பார்க்கோணும். நான் நம்பர் ப்ளீஸ்னுதான் சொல்லுவனுங்க."

அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். என்ன தோன்றியதோ, வந்து உட்கார்ந்துவிட்டார். ஹெட்போனை அவர் மாட்டிக்கொள்ள, அக்கா பக்கத்தில் நின்று உபரி ரிசீவரில் "நம்பர் ப்ளீஸ்" என்று எடுத்தார். 'நம்பர் வேண்டாம்மா, மணி என்ன?' 'ஏன் இன்னிக்கு ரோட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல, ஏதாச்சும் ஆயிருச்சா?' 'மயிலாத்தா, உடம்பு சரியில்லையா, என்ன குரல் இப்படி இருக்கு?' மூடிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஆறேழு பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் துரைசாணி அம்மா; அவருக்கும் மணிதான் தெரிய வேண்டியிருந்தது.

அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மேனேஜர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "சொல்லிக்கோ. ஆனா அந்த ராகம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ராகத்தை மட்டும் அக்காவால் விட முடியவில்லை. மேனேஜரும் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

இதையெல்லாம் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். நானே கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். அக்கா தன் லீவு நாள்களில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்டேட் முழுக்க நடந்து, ஒவ்வொரு போனும் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருப்பார், அங்கிருந்து எந்தப் பக்கம் பாதை என்று பார்த்துவிட்டு வருவார். "எதுக்குக்கா கால் வலிக்க நடக்கீய?" என்று கேட்டேன். "ஒவ்வொரு ஓட்டைக்கும் அந்தக் கடைசில ஒரு ஊடு இருக்குது. அதைப் பார்க்காம எப்படிக் கண்ணு குத்தறது?" என்றார். பார்த்ததையெல்லாம் வைத்து ஓர் அட்டை எழுதினார். தலைப்பு, 'மழை'. ஆபத்து என்றால் எந்த வரிசையில் யாரை எழுப்ப வேண்டும் என்று மேலிருந்து கீழாக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அங்கே போன் எடுக்காவிட்டால் அடுத்து எங்கே என்று இன்னொரு பெயர். யாராவது 'மழை' என்று சொன்னால் போதும், யோசிக்காமல் அந்த அட்டையை மேலிருந்து கீழே போக வேண்டும். சரியாக மனப்பாடம் ஆகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் ஆடி மாதம் மழை விடாமல் பெய்தது. ஒரு பகல் இரண்டு மணிக்கு, நான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், அக்கா ஹெட்போனைக் கழற்றப் போகிறார், ஒரு மூடி விழுந்தது. மேட்டுத் தண்ணீர்த் தொட்டிக் காவலர். உபரி ரிசீவரில் நானும் கேட்டேன்.

"எக்ஸ்சேஞ்சா? பிள்ளைக் கொட்டகைக்கு மேல கரை வாயப் பொளந்துருக்கும்மா. தண்ணி செவப்பா வருது. ரெண்டு யூக்காலி மரம் சாஞ்சு நிக்கி."

பிள்ளைக் கொட்டகை என்பது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். ஆயா பேச்சியம்மா ஒருத்தி, பதினொரு குழந்தைகள். அங்கே போன் கிடையாது. பக்கத்துப் போன் எடைக் கொட்டகையில்.

அக்கா என்னைப் பார்த்து ஒரே சொல்தான் சொன்னார். "மழை."

நான் இடது பக்கம், அவர் வலது பக்கம். ஒரே பலகையில் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்தோம். எடைக் கொட்டகைக்கு அவர் கைப்பிடியைச் சுழற்றினார். உயிருள்ள லைனில் கைப்பிடி கனமாகச் சுற்றும். அறுந்த லைனில் காற்றைச் சுற்றுவதுபோல் லேசாகச் சுற்றும். அது லேசாகச் சுற்றியது. எங்கோ மரம் விழுந்து வயர் அறுந்திருந்தது. அக்கா ஒரு கணம்கூட நிற்கவில்லை. அட்டையில் எதிரே இருந்த பெயர் பம்ப் ஹவுஸ். கை நேராக அங்கே போனது.

"இசக்கி அண்ணா, எக்ஸ்சேஞ்சுங்க. பிள்ளைக் கொட்டகைக்கு மேல மண்ணு எறங்குது. ஓடிப் போயிக் கொழந்தைகளைத் தூக்குங்க. வண்டிப் பாதையில வேண்டாம், அது மண்ணு வர்ற வழி. பின்னால கெழக்கால ஒரு படி இருக்குது பாருங்க, அதுல ஏறிக் கோயிலுக்குப் போயிருங்க. போனை வெக்காதீங்க. அப்படியே தொங்கவிட்டுட்டு ஓடுங்க!"

அந்தப் படி இருப்பது எனக்குத் தெரியாது. அந்த மலையிலேயே பிறந்த எனக்கு.

நான் லாரி ஷெட்டை எழுப்பினேன், ஆஸ்பத்திரியை, பள்ளிக்கூடத்தை, மேனேஜரை. எடைக் கொட்டகைப் பெண்களுக்கும் சேதி சொல்ல லாரியிலேயே ஆள் கிளம்பியது. அட்டை முடிந்துவிட்டது. பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பம்ப் ஹவுஸ் லைன் திறந்தபடியே இருந்தது. ஆளில்லாத அந்த அறையில் மோட்டார் ஓடும் சத்தமும், தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் எங்கள் காதில் கேட்டுக்கொண்டிருந்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. இடையில் இரண்டு மூடிகள் விழுந்தன. "எக்ஸ்சேஞ்ச், மணி ரெண்டே கால், கொட்டகை ரோட்டுல யாரும் போகாதீங்க, சொல்லுங்க" என்று அக்கா அதே ராகத்தில் எடுத்தார். பிடியை மட்டும் விடவில்லை.

பிறகு அந்தப் பக்கம் ரிசீவர் சுவரில் மோதும் சத்தம். இசக்கி அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "பதினொண்ணும் கோயில்ல இருக்குதுக. வழியில நாலு பொம்பளைங்க ஓடியாந்து தூக்குனாங்க. இந்தப் பேச்சிதான் பால் பவுடர் டின்னை எடுக்கணும்னு திரும்பி ஓடுதா. முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

சற்று நேரம் கழித்து மண் இறங்கியது. கொட்டகையின் பாதிச் சுவரும் பால் பவுடர் டின்னும் போயின. வேறொன்றும் போகவில்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். "உன் ஷிப்டு ஆரம்பிச்சுருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், சுவரில் சாய்ந்துகொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் மேனேஜர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். பலகையின் பொட்டுகளை, சிலேட்டை, அட்டையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்டார். "புதுசாக் கட்டற கொட்டகைக்கு ஒரு போனுங்க" என்றார் அக்கா. அதே மாதம் வந்தது. பேச்சியம்மா முதல் முறை அதில் பேசியபோது, போனே இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கேட்டிருக்கும்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். அடுத்தவர் பொருளை அப்படியே விட்டுவைக்க அவரால் முடியாது. என் மகள் காதுகுத்துக்கு வந்தவர், நான் விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் என் அடுப்படியை மாற்றி அடுக்கிவிட்டார். ஒரு மாதம் எனக்குப் புளி கிடைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குப் போன் போட்டு, "அக்கா, புளி எங்க?" என்று கேட்டேன். "கை எங்க போகுதோ அங்கதான் வெச்சிருக்கறேன்" என்றார். "என் கை அங்க போகலியே!" என்றேன். "மறுக்காவும் அதே தப்பைப் பண்ணியிருக்கறேன் பாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்து, டிரங்க் கால் மூன்று நிமிடமும் சிரிப்பிலேயே தீர்ந்தது. எழுபதுகள் முடியும்போது பழனிச்சாமி அண்ணன் வேலையை விட்டுச் சொந்த நிலத்தைப் பார்க்கப் போனார், அக்காவும் கூடப் போனார். அதற்குப் பிறகு எங்கள் பேச்செல்லாம் இப்படிப் போனில்தான்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இதை நான் யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

மேட்டு லயத்தில் செண்பகம் என்று ஒரு பெண். அவள் மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எங்கேயோ இருந்தான். ஒரு குறிப்பிட்ட நாளில் காலை பத்து மணிக்கு மேல் இந்த நம்பரில் இருப்பேன் என்று கடிதம் போட்டிருந்தான். செண்பகம் அன்று வேலைக்குப் போகாமல், நல்ல சேலை கட்டி, மேட்டு மஸ்டர் ஆபீசில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அக்கா டிரங்க் கால் புக் செய்தார். லைன் கிடைத்ததும் கூப்பிடுகிறேன், போனை வைத்துவிட்டு இரு என்றார். அவள் வைக்கவில்லை. வைத்தால் மகன் போய்விடுவான் என்று பயம். ரிசீவரைக் காதில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் அன்று சீக்கிரம் வந்திருந்ததால் பார்த்தேன். மற்ற வேலைகளுக்கு நடுவே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா அந்த ஓட்டையில் பிளக்கைக் குத்துவார். "செண்பகம், இன்னும் கெடைக்கல. நான் இருக்கறேன்" என்பார். எடுத்துவிடுவார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப, "நான் இருக்கறேன்." காலையிலிருந்து மதியம் வரை எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இரண்டு மணிக்குத் தன் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த ஓர் ஓட்டையை மட்டும் தானே பார்த்துக்கொண்டார்.

கடைசிவரை லைன் கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு அவரே அதைச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். மறுநாள் ரேஷன் கடையில் செண்பகத்தைப் பார்த்து, என்ன பேசுவதென்று தெரியாமல் தயங்கினேன். அவளே சொன்னாள்: "கெடைக்கலைன்னா போகுது. அந்தப் பாலக்காட்டுப் புள்ள நாள் பூரா எங்கூடவே நின்னுச்சு."

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று நினைத்துப் பார்த்தால், பொட்டும் சிலேட்டும் அல்ல. அந்த அளவுக்கு ஒழுங்கு எனக்கு எப்போதும் வந்ததில்லை. என் அலமாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான். காத்திருப்பவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதபோதும், திரும்பத் திரும்பப் போய் அதைச் சொல்வதை.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குத் தேனியில் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுத் தடவை பொறுத்துப் பார்த்தார். பிறகு, "நீ இருக்கேன்னுதான் தெரியுதே. ஒரு தடவை சொன்னாப் போதாதா?" என்று சலித்துக்கொண்டார்.

போதாது என்றேன்.